பழைய கார் ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தாதீங்க பா

நம்ம வேலூர் பக்கம் பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு மே மாசம் வந்தா ஒரே புலம்பல்தான், வண்டி ஹீட் ஆகுது, மீட்டர்ல சூடு காட்டற முள்ளு ஏறுதுன்னு. வெயில் மேல பழியப் போட்டுட்டு ரெண்டு பாட்டில் தண்ணிய டிக்கில போட்டுக்கினு கெளம்பிடுவாங்க. வெயில் காரணமே இல்லன்னு சொல்லல, அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிய சர்வசாதாரணமா தாண்டற ஊருதான் இது. ஆனா இன்ஜினுக்குள்ள ஓடற தண்ணி நல்லா இருக்கற வண்டிலயே 80, 90 டிகிரில இருக்கும், அத ஆத்தறதுக்கு 42 டிகிரி காத்து தாராளமா போதும். அந்த தண்ணிய ஆத்தற ரேடியேட்டர் சுத்தமா இருந்தா மாருதி 800 ஆகட்டும், ஜென், சான்ட்ரோ, அம்பாசிடர் எதுவா இருந்தாலும் கத்திரி வெயில்லயும் முள்ளு பாதிய தாண்டாம ஓடணும். அப்ப இன்னாதான் கெடுக்குது? முக்காவாசி வண்டில நாம ஊத்தற தண்ணிதான்.

நம்ம ஊர் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடற ஷாப்புங்களால நிலத்தடி தண்ணி கெட்டுப்போன கதை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996லயே தீர்ப்பு வந்த சமாச்சாரம், அது தனி. தோல் ஷாப்பே இல்லாத ஊர்லயும் போர் தண்ணில உப்பு ஜாஸ்திதான். வீட்டுல வெந்நீர் போடற ஹீட்டர் காயில் மேல வெள்ளையா கல்லு மாதிரி கட்டிக்குதுல்ல, ரேடியேட்டர் உள்ளயும் அதேதான் நடக்குது. ரேடியேட்டர்ல இருக்கற டியூப்பு எல்லாம் தட்டையா, உள்ளாற ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் வழி இருக்கும், அதுல ஒரு படலம் கட்டினாலே பாதி வழி போச்சு. ரேடியேட்டர் ஒர்க்ஸ்ல பழைய செம்பு ரேடியேட்டரோட மேல் டேங்க் மூடிய கழட்டசொல்ல ஒரு தடவ பக்கத்துல நின்னு பாருங்க, வரிசையா இருக்கற டியூப் வாயில பாதி வாய் மஞ்சளும் வெள்ளையுமா அடைச்சிருக்கும், சுத்தியல் காம்பால தட்டினா பொரபொரன்னு செதில் செதிலா கொட்டும். அத பாத்ததுக்கு அப்புறம் கொழா தண்ணி ஊத்த மனசு வராது.

அதனால மொத வேலை, போர் தண்ணிய நிறுத்தறது. பேட்டரி கடையில டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் கெடைக்கும், பெருசா துட்டு ஆவாது, ஒண்ணு வாங்கி டிக்கில போட்டு வைங்க. காவேரி கூட்டுக் குடிநீர் ஊத்தலாமான்னு சில பேர் கேக்கறாங்க, போருக்கு அது எவ்வளவோ மேல், ஆனா அதுலயும் உப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கேன் வாட்டர் அவசரத்துக்கு ஓகே, பழக்கமா வச்சிக்காதீங்க.

அடுத்தது கூலன்ட், அதான் ரேடியேட்டர் தண்ணில கலக்கற கலர் திரவம். "இங்க இன்னா பனியா பெய்யுது, தண்ணி உறையறதுக்கு, கூலன்ட் எதுக்கு"ன்னு ஒரு பேச்சு எல்லா ஷெட்லயும் ஓடும். உறையாம இருக்கறது அதோட ஒரு வேலைதான், நமக்கு வேண்டியது மத்த ரெண்டு. ஒண்ணு, அதுல துரு பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கு, பழைய வண்டி பலதுல இன்ஜின் பிளாக் இரும்பு, அதுக்கு மேல உக்கார்ற ஹெட்டு அலுமினியம், ரேடியேட்டர் செம்பு இல்ல அலுமினியம்னு கலந்து கட்டி இருக்கும், வெறும் தண்ணில இதெல்லாம் ஒண்ண ஒண்ணு அரிச்சிக்கும். ரெண்டாவது கொதிநிலை. வெறும் தண்ணி 100 டிகிரில கொதிக்கும், பாதிக்கு பாதி கூலன்ட் கலந்தா 106, 107 வரைக்கும் தாங்கும், நல்ல மூடி போட்டு பிரஷர்ல வச்சா 125ஐயும் தாண்டும். வெறும் தண்ணி ஊத்தின வண்டி கொதிச்சு நிக்கிற எடத்துல கூலன்ட் ஊத்தின வண்டி பாட்டுக்கு போயிக்கினே இருக்கும்.

கூலன்ட் கலர் பாத்து வாங்காதீங்க. பச்சை, சிவப்பு, ரோஸ், நீலம்னு வரும், ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு கலர் போடறான், கலர் ஒண்ணா இருந்தா சரக்கும் ஒண்ணுன்னு அர்த்தம் இல்ல. பழைய செம்பு ரேடியேட்டர் இருக்கற அம்பாசிடர், பத்மினி மாதிரி வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தற பழைய மாடல் சாதா கூலன்ட்டே போதும், ஈயம் பத்த வச்ச ஜாயின்ட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. அலுமினியம் ரேடியேட்டர் இருந்தா அஞ்சு வருஷம் தாங்கற லாங் லைப் போடலாம். ரெண்டையும் கலக்கக் கூடாது, கலந்தா மருந்து கெட்டுப்போயி சில சமயம் கூழாட்டம் திரண்டுக்கும். இன்னொண்ணு, கேன் மேல ரெடி டு யூஸா, கான்சன்ட்ரேட்டானு படிச்சு பாத்துட்டு ஊத்துங்க. ரெடியா இருக்கறதுல மறுபடி தண்ணி கலந்தா அது வெறும் கலர் தண்ணி.

வாரத்துக்கு ஒரு நாள் காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கசொல்ல பானெட் தொறந்து பாருங்க. சைடுல இருக்கற பிளாஸ்டிக் டப்பால லெவல் பாக்கறது மட்டும் போதாது, பழைய வண்டில அந்த டப்பா மஞ்சளாகி உள்ள இருக்கறது தண்ணியா அழுக்கானே தெரியாது, டார்ச் அடிச்சு பாக்கணும். டப்பா புல்லா இருந்தும் ரேடியேட்டர் காலியா இருக்கும் சில வண்டில, அதனால மூடியையே தொறந்து வாய் வரைக்கும் தண்ணி நிக்குதானு பாருங்க. திரும்ப சொல்றேன், ஜில்லுன்னு இருக்கசொல்ல மட்டும். சூட்டுல தொறந்தா மூஞ்சிலயே அடிக்கும், கை வெந்து போகும், துணி போட்டுக்கினு தொறக்கறேன்னு வீரம் காட்டற வேலையும் வேணாம்.

மூடின்னு சொன்னதும் ஞாபகம் வந்தது, இந்த முழு சிஸ்டத்துலயே எல்லாரும் சட்டை பண்ணாத சாமான் ரேடியேட்டர் மூடிதான். அது வெறும் மூடி இல்ல, வால்வு. மேல 0.9 இல்ல 1.1னு போட்டிருக்கும், அதுதான் தாங்கற பிரஷர். கையில எடுத்து திருப்பி பாருங்க, பெரிய ஸ்பிரிங் ஒண்ணு, அதுக்கு கீழ ரப்பர் வட்டம், நடுவுல சின்னதா ஒரு பித்தளை பொத்தான் இருக்கும். ரப்பர் வெடிச்சிருந்தாலோ, ரேடியேட்டர் வாயோட தடம் ஆழமா பதிஞ்சிருந்தாலோ மாத்திடுங்க. நடுவுல இருக்கற பொத்தானை நகத்தால இழுத்து விடுங்க, டப்புனு பழைய எடத்துக்கு வரணும். இன்ஜின் ஆறசொல்ல டப்பால இருந்து தண்ணிய திரும்ப உள்ள விடறது அந்த பொத்தான்தான், அது ஒட்டிக்கினா தண்ணி திரும்பாது, உள்ள காத்து காலியாயி ரேடியேட்டர் ரப்பர் ஹோஸ் சப்பையா ஒட்டிப்போயிருக்கும். காலைல மேல் ஹோஸ் சப்பையா இருந்தா மூடி மேல சந்தேகப்படுங்க. புதுசு வாங்கசொல்ல பழைய மூடிய கையோட எடுத்துக்கினு போங்க, அதே நம்பர்தான் போடணும், ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி தாங்கும்னு 0.9 இருந்த எடத்துல 1.1 போட்டா வயசான ரேடியேட்டர் எங்கயாவது பிச்சுக்கும்.

இப்ப பிளஷ் பண்ணி, அதாவது பழைய தண்ணிய வடிச்சு உள்ள அலசி, கூலன்ட் மாத்தற வேலை, வீட்டு வாசல்லயே பண்ணலாம், ஒரு ஞாயித்துக்கெழம காலைய ஒதுக்குங்க. இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும். ரேடியேட்டருக்கு அடியில ஒரு டிரெயின் திருகு இருக்கும், கீழ ஒரு பழைய அண்டாவோ டப்போ வச்சிட்டு மெதுவா திருகுங்க. பிளாஸ்டிக் திருகா இருந்து கெட்டியா பிடிச்சிருந்தா பிளையர் போட்டு மல்லுக்கட்டாதீங்க, உடைஞ்சா ரேடியேட்டரே கழட்ட வேண்டி வரும், அதுக்கு பதிலா கீழ் ஹோஸ் கிளிப்ப தளர்த்தி ஹோஸயே உருவிடலாம். வர்ற தண்ணிய பாருங்க. செங்கல் கலர்ல வந்தா பிளாக் உள்ள துரு. வெள்ளையா துகள் வந்தா உப்பு. மேல எண்ணெய் மெதந்தா இந்த வேலைய அப்படியே நிறுத்திட்டு கடைசில சொல்றத படிங்க.

வடிஞ்சதும் மூடிட்டு நல்ல தண்ணி ஊத்தி, வண்டில ஹீட்டர் இருந்தா அத புல் ஹாட்ல வச்சு, பத்து பதினஞ்சு நிமிஷம் இன்ஜின ஓட விட்டு, ஆற விட்டு மறுபடி வடிங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் இதேதான், பொறுமை வேணும், ஆறாம தொறக்காதீங்க, சூடா இருக்கற இன்ஜின்ல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட்டு விரிசல் விட்டா அப்புறம் அழுது புண்ணியமில்ல. கடைசி ரெண்டு ரவுண்டு டிஸ்டில்டு வாட்டர்லயே பண்ணுங்க. பாத்ரூம் கழுவற ஆசிட ஊத்தினா உப்பெல்லாம் கரைஞ்சிடும்னு ஐடியா குடுக்கறவங்க இருக்காங்க, உப்பு கரையும், கூடவே அலுமினியமும் கரையும். நாலஞ்சு தடவ வடிச்சும் வெள்ளையா வந்துக்கினே இருந்தா ரேடியேட்டர் ஒர்க்ஸ்ல குடுங்க. செம்பு ரேடியேட்டர்னா டேங்க கழட்டி ஒவ்வொரு டியூப்பா கம்பி விட்டு ராடிங் பண்ணி திரும்ப ஈயம் பத்த வச்சு குடுப்பாங்க, நல்ல கைவேலை தெரிஞ்ச ஆளு பண்ணா பல வருஷம் ஓடும். பிளாஸ்டிக் டேங்க் வச்ச அலுமினியம் ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் கிடையாது, எம்சீல் வச்சு ஒட்டி காசு வாங்கறவங்ககிட்ட ஏமாறாம புதுசு போட்டுடுங்க.

திரும்ப ரொப்பறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எவ்வளவு வடிச்சாலும் இன்ஜின் பிளாக் உள்ள கொஞ்சம் தண்ணி தங்கும், ரெடியா கலந்த கூலன்ட்ட ஊத்தினா அந்த தண்ணில கரைஞ்சு நீர்த்துடும். கான்சன்ட்ரேட் வாங்கி மொதல்ல சிஸ்டம் கொள்ளளவுல பாதிய ஊத்திடுங்க, உங்க வண்டி 4 லிட்டர் பிடிக்கும்னா 2 லிட்டர், அப்புறம் மிச்சத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். எவ்வளவு பிடிக்கும்னு வண்டி புக்குல இருக்கும். ஊத்தசொல்ல மெதுவா ஊத்துங்க, மூடிய தொறந்து வச்சே ஸ்டார்ட் பண்ணி ஹீட்டர ஹாட்ல வச்சு ஓட விடுங்க, புளுக் புளுக்குனு காத்து வரும், லெவல் எறங்கும், திரும்ப ஊத்துங்க. மேல் ஹோஸ் திடீர்னு சூடாச்சுனா தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம வைக்கற வால்வு) தொறந்திடுச்சுனு அர்த்தம், குமிழ் நின்னதும் மூடிய போட்டு பேன் ஒரு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் விடுங்க. வண்டி மூக்கு கொஞ்சம் மேட்டுல இருக்கற மாதிரி நிறுத்தினா காத்து சீக்கிரம் வெளிய போயிடும். மறுநாள் காலைல லெவல் கட்டாயம் பாருங்க, கொஞ்சம் எறங்கி இருக்கும். வடிச்ச பழைய கூலன்ட்ட தெருவுல ஊத்தாதீங்க, இனிப்பா இருக்கும்னு நாய் நக்கும், அது விஷம். மூடி போட்ட கேன்ல ஊத்தி புள்ளைங்க கைக்கு எட்டாம வச்சு பழைய ஆயில் எடுக்கற ஷெட்ல குடுங்க.

தெர்மோஸ்டாட் விஷயத்துல மெக்கானிக்குங்களோட எனக்கு எப்பவும் சண்டைதான். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குணா, கழட்டி போட்டா ஜில்லுனு ஓடும்ணா"ன்னு கழட்டி தூக்கி போட்டுடறாங்க, நீங்க வாங்கின பழைய வண்டிலயும் அது இருக்காது, பந்தயம் கட்டலாம். அது இல்லாத வண்டில இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் ஆவும், பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும், ஆயில்ல கசடு சேரும், பிஸ்டன் ரிங்கு தேயும். அது மட்டுமில்ல, தெர்மோஸ்டாட்ட கழட்டினா ஹீட் ஆகறது நிக்குதுன்னா ஒண்ணு அதுவே தொறக்காம மாட்டிக்கிச்சு, இல்லனா ரேடியேட்டர்ல வேற கோளாறு இருக்கு, அத மறைச்சு வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். பழசு நல்லா இருக்கானு பாக்க பாத்திரத்துல தண்ணி வச்சு நூல்ல கட்டி தொங்க விட்டு அடுப்புல சூடு பண்ணுங்க, மேல 82, 88னு அடிச்சிருக்கற நம்பர் கிட்ட வரசொல்ல வாய் தொறக்க ஆரம்பிக்கணும், தண்ணி கொதிக்கசொல்ல நல்லா தொறந்திருக்கணும். தொறக்கலனா புதுசு, பேக்கிங்கோட சேத்து மாத்துங்க.

ஹோஸ கையால அமுக்கி பாருங்க, கொழகொழன்னும் இருக்கக் கூடாது, காஞ்ச குச்சி மாதிரி வெறைப்பாவும் இருக்கக் கூடாது, கிளிப் பக்கத்துல உப்பின மாதிரி இருந்தா மாத்திடுங்க. ஹீட்டருக்கு போற சின்ன ஹோஸ மறந்துடாதீங்க, அதுதான் மொதல்ல வெடிக்கும். வாட்டர் பம்புக்கு அடியில சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுல சொட்டினா இல்ல கலர் கறை காஞ்சிருந்தா பம்பு போகப்போகுது, அந்த ஓட்டைய அடைக்கக் கூடாது. பேன் பெல்ட்ட பாதி எடத்துல கட்டை விரலால அமுக்கினா ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு எறங்கலாம், அதுக்கு மேல எறங்கினா டைட் பண்ணணும்.

எங்க கோளாறுனு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, எப்ப ஹீட் ஆகுதுனு கவனிக்கறதுதான். கிரீன் சர்க்கிள் டிராபிக்ல நிக்கசொல்ல ஏறுது, பைபாஸ்ல ஓட்டினா எறங்கிடுதுனா காத்து பத்தல, பேன் பக்கம் பாருங்க. கரண்ட் பேன் வச்ச பழைய வண்டி பலதுல, சூடானா பேன ஓட விடற ரெண்டு வயர் தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டர்லயோ இன்ஜின்லயோ இருக்கும், சாவிய ஆன் பண்ணிட்டு அந்த கனெக்டர கழட்டி ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால சேத்தா பேன் ஓடணும், கை, துணி எல்லாம் தள்ளி வச்சிக்கினு பண்ணுங்க. ஓடினா சுவிட்ச் போச்சு, ஓடலனா பியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையா பாருங்க. இதுக்கு நேர்மாறா டிராபிக்ல சும்மா இருக்கு, ஹைவேஸ்ல பள்ளிகொண்டா தாண்டி 80ல போகசொல்ல ஏறுதுனா தண்ணி ஓட்டம் பத்தல, டியூப் அடைப்பு, பம்பு, இல்லனா கீழ் ஹோஸ் உறிஞ்சி சப்பையாகறது, இந்த மூணுல ஒண்ணு. ஏசி இருந்தா முன்னாடி ரேடியேட்டர் மாதிரியே இருக்கற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசி, பூச்சி, பஞ்சுனு ஒரு மெத்தையே இருக்கும், இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா மெதுவா தண்ணி பீய்ச்சி கழுவணும். வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷர் கன்ன கிட்ட வச்சு அடிச்சா தகடெல்லாம் மடங்கிடும், பக்கத்துல நின்னு தள்ளி அடிக்க சொல்லுங்க.

மலை ஏறப் போறவங்களுக்கு. ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவு, ஜமுனாமரத்தூர் ரோடும், பேரணாம்பட்டுல இருந்து வி.கோட்டா போற மலை ரோடும் பழைய வண்டிக்கு பரீட்சைதான். காலைலயே கெளம்பிடுங்க. ஏத்தத்துல ஏசி ஆப், ரெண்டாவது கியர்ல இன்ஜின் கொஞ்சம் சுத்தற மாதிரி ஓட்டுங்க, பெரிய கியர்ல போட்டு மூச்சு தெணற விட்டா பம்பும் மெதுவாதான் சுத்தும். முள்ளு ஏற ஆரம்பிச்சா ஹீட்டர ஆன் பண்ணி ஜன்னல தொறந்துடுங்க, வேர்த்து ஊத்தும்தான், ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்ட வாங்கிக்கும். முள்ளையே முழுசா நம்பாதீங்க, தண்ணி மொத்தமும் கொட்டிப் போனா சென்சார் காத்துல நிக்கும், அப்ப முள்ளு கீழ எறங்கி எல்லாம் சரியான மாதிரி காட்டும். இன்ஜின் டக்கு டக்குனு அடிச்சாலோ, இனிப்பா ஒரு வாடை வந்தாலோ உடனே ஓரம் கட்டுங்க.

ஆவி வந்து நின்னுட்டா இன்ஜின ஆப் பண்ணி பானெட்ட தொறந்து வச்சிட்டு அரை மணி, முக்கா மணி சும்மா இருங்க, டீ குடிங்க. இன்ஜின் மேல தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க. ரேடியேட்டர்ல சின்ன ஒழுக்குனா மஞ்சத்தூள் ரெண்டு ஸ்பூன் போடற லாரிக்காரங்க வைத்தியம் உண்டு, சில சமயம் அடைச்சு ஊர் கொண்டு வந்து சேக்கும், ஆனா அந்த மஞ்சத்தூள் நல்ல டியூப்பையும்தான் அடைக்கும், வந்ததும் பிளஷ் பண்ணி ஒழுக்க சரி பண்ணிடணும்.

கடைசியா அந்த எண்ணெய் மெதந்த கேஸ். ஆயில் ஊத்தற மூடிய தொறந்தா உள்ள பால் விட்ட காபி கலர்ல இருக்குது, காலைல ஸ்டார்ட் பண்ணின ரெண்டு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லா ஆவுது, மூடிய தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணா குமிழ் நிக்காம வருது, சைலன்சர்ல வெள்ளைப் புகை விடாம வருது, எங்கயும் ஒழுகல ஆனா தண்ணி மட்டும் குறையுது, இதுல ரெண்டு மூணு சேந்து வந்தா பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதோட ஓட்டிக்கினு திரியாதீங்க, ஆயில்ல தண்ணி கலந்தா பேரிங் போயிடும், அப்புறம் புல் இன்ஜின் வேலை. ஹெட்டு கழட்டினா வெறும் கேஸ்கெட்ட மாத்தி திரும்ப மூடிட சொல்லாதீங்க, அலுமினியம் ஹெட்டு சூட்டுல வளைஞ்சிருக்கும், ஸ்கேல் வச்சு பாக்க சொல்லி தேவைப்பட்டா லேத்துல பேசிங் குடுத்து மட்டமாக்கிட்டு போட சொல்லுங்க. அதே கூலில தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும் கிளிப்பும் சேத்து மாத்திடலாம், எப்படியும் கழட்டித்தானே வச்சிருக்காங்க.